இருமல் நின்ற மாரி

அத்தானுக்கு இருமல் தொடங்கியது ஐப்பசியின் முதல் மழையோடு. கார்த்திகை பாதியில் அது நின்றது. நின்ற பிறகுதான் அவருடைய உயிருக்கு ஆபத்து வந்தது. இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் வரிசையைத் தாங்களாகவே திருத்திக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இருமல் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார் என்றுதான் அவர்கள் மனத்தில் பதிகிறது. நடந்தது அப்படியல்ல. ஆகவே நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் அப்போது கொழும்புப் பத்திரிகை ஒன்றின் திருகோணமலை நிருபர். அக்கா வீட்டின் முன்னறையில் இருந்தேன். வீடு உட்துறைமுகத்துக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த ஆண்டு அது. இருட்டியதும் ஊர் அடங்கிவிடும். வீதியில் ஆள் நடமாட்டம் இல்லாததால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் வரும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அத்தானின் இருமல் ஒழுங்கை முழுவதும் கேட்டது. எப்படியாவது அதை நிறுத்தச் சொல்லி அக்கா நச்சரிப்பாள்.

அக்காவின் கணவரான அத்தான் துறைமுகத்தில் வேலை செய்தார். கப்பல்கள் கரைக்கு வராது. நடுத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கோதுமை மா மூட்டையும் அரிசி மூட்டையும் கப்பலின் அடிக் கிடங்கிலிருந்து வின்ச் என்ற பாரம் தூக்கும் எந்திரத்தால் தூக்கப்பட்டு, பக்கத்தில் நிற்கும் சரக்குப் படகில் இறக்கப்படும். பல வருடம் கிடங்குக்குள் மூட்டை அடுக்கிய பிறகு, அத்தான் மேலே வந்து கிடங்கின் வாயருகே நின்று கை காட்டுகிறவராகியிருந்தார்.

வின்ச் பிடிக்கிறவருக்குக் கிடங்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கீழே படகில் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. அவருக்குத் தெரிவது கை காட்டுகிறவரின் கைகள் மட்டும். உள்ளங்கை மேலே பார்த்தால் தூக்க வேண்டும், கீழே பார்த்தால் இறக்க வேண்டும், கையைப் பொத்தி உயர்த்தினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இரைச்சலிலும் மழையிலும் வாய்ப்பேச்சு உதவாது. அதனால் அந்த இடத்தில் நிற்பவர் முகத்தில் வழியும் மழையைத் துடைப்பதில்லை. காதில் ஈ இருந்தாலும் ஓட்டுவதில்லை. சும்மா நிற்கும் நேரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். அத்தான் வீட்டிலும் கையை அசைக்காமல்தான் பேசுவார். வந்தவர்கள் சிலர் அதைத் தலைக்கனம் என்று நினைத்தார்கள்.

இருமல் வந்தால் பொத்திய கை வாய்க்குப் போகும். யாரும் யோசித்துச் செய்வதல்ல.

ஒருநாள் வேலை முடிந்ததும் அத்தானோடு வின்ச் பிடிக்கிறவரும் வீட்டுக்கு வந்தார். கிண்ணியாக்காரர், வயதில் மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, துறைமுகத்தில் தமிழர்களும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கதிரையில் இருந்து, அக்கா கொடுத்த தேத்தண்ணியைப் பாதி குடித்த பிறகு பேச்சை எடுத்தார்.

"தங்கச்சி, உங்கட மனுசன் இண்டைக்கு ஒரு ஆளக் கொல்லப் பாத்தார்."

"என்ன காக்கா சொல்லுறீங்கள்?"

"இருமினார். கை வாய்க்குப் போச்சு. எனக்கு அது நிப்பாட்டு. நான் நிப்பாட்டினன். தூக்கின கட்டு ஆடி, ஒரு மூட்டை கழண்டு உள்ள போச்சு. கீழ நிண்டவன் விழுந்த பீடிய எடுக்கக் குனிஞ்சு ஒதுங்கினதால தப்பினான்." கோப்பையைக் கீழே வைத்தார். "பீடி குடிச்சா நெஞ்சுக்குக் கூடாது எண்டு சொல்லுற டொக்டருக்கு இதையும் ஒருக்காச் சொல்லுங்க."

அத்தான் சிரிக்கவில்லை. "இனி கையை எடுக்க மாட்டன்" என்றார்.

"கையக் கட்டலாம். நெஞ்சக் கட்ட ஏலுமா? ரெண்டு கிழமை வீட்டில கிடங்க. சுகமாகி வாங்க."

"வந்தா அந்த இடத்தில வேற ஆள் நிப்பான் காக்கா. நான் திரும்பவும் உள்ள இறங்கவேண்டி வரும்."

 அது உண்மை என்று காக்காவுக்கும் தெரியும். கிண்ணியாவுக்குக் கடைசி லோஞ்ச் படகு போய்விடும் என்று எழுந்துவிட்டார்.

போத்தல் வந்தது அதற்கு அடுத்த நாள். கப்பலில் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர், மேல்தட்டில் நின்று இருமும் இந்த மனிதரைப் பார்த்து இரங்கிக் கொடுத்தது. மண்ணிறக் கண்ணாடிப் போத்தல். உள்ளே சீனிப் பாணி போலத் தடித்த மருந்து. ஒட்டியிருந்த கடதாசி எனக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது. எவ்வளவு, எத்தனை வேளை என்பதைக் கப்பல் அதிகாரி விரல்களால் காட்டியிருந்தார்.

எங்கள் பகுதியில் கப்பலிலிருந்து வந்த பொருளுக்குத் தனி மதிப்பு இருந்தது. கப்பல் சவுக்காரம், கப்பல் கம்பளி, கப்பல் கயிறு. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளின் கதவுகள் ஒரே சாம்பல் நிறம். எல்லாம் கப்பல் பெயின்ற். கடையில் வாங்கியது பழுதானால் கடைக்காரனைத் திட்டுவார்கள். கப்பல் சாமான் பழுதானால் பாவித்தவனைத்தான் திட்டுவார்கள். ஆஸ்பத்திரி மருந்தைத் தண்ணீர் கலந்தது என்று சொல்லும் அத்தான், இந்தப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாசக்கணக்கில நடுக்கடல்ல நிக்கிறவன் குடிக்கிற மருந்து. இதில பொய் இருக்காது."

அதில் பொய் இருக்கவில்லை. அன்று மாலையே இருமல் குறைந்தது. அந்த வாரம் முடிவதற்குள் நின்றுவிட்டது. அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இப்பதான் நாங்களும் நித்திரை கொள்ளுறம்" என்றார்.

வானொலி நாடகம் கேட்பதுபோல நான் அந்த இருமலைத் தொடர்ந்து கேட்டிருந்தேன். என் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் பலகைச் சுவர் ஒன்றுதான். முதலில் அது வறண்டிருந்தது, தொண்டையில் நின்றது. பிறகு கீழே இறங்கியது. ஒன்று வந்தால் நாலைந்தாகச் சேர்ந்து வரும். முடிவில் சளி கிளம்பும் சத்தம் கேட்கும். சாம்பல் போட்டு வைத்த தகரத்தில் துப்புவார். சளி முதலில் வெள்ளையாகவும் பிறகு மஞ்சளாகவும் இருந்தது. கடைசியாக நான் பார்த்தபோது செங்கல் கழுவிய நீரின் நிறம். அந்த நிறத்துக்குப் பிறகு இருமல் தொடர்ந்திருக்க வேண்டும். தொடரவில்லை. தகரம் காய்ந்து கிடந்தது.

செய்தி எழுதிப் பழகியவன் சத்தம் நின்ற இடத்தில் வேறு என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பான். அத்தான் ஒரு வசனத்தை இப்போது இரண்டாகப் பிரித்துச் சொன்னார். நடுவில் ஒரு மூச்சு. பிறகு மூன்றாகப் பிரித்தார். சும்மா இருக்கும்போது மூக்கின் இரு பக்கமும் விரிந்து சுருங்கின. படுக்காமல் சாய்மனைக் கதிரையில் இடப்பக்கம் சரிந்தபடி தூங்கினார். இருமல் திரும்பாமலிருக்கக் கப்பல் மருந்தையும் காய்ச்சலுக்கு வெள்ளைக் குளிசையையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார்.

"ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போவம் அத்தான்" என்றேன்.

"போய் என்ன சொல்லுறது?" மூச்சு. "என்ன வருத்தம் எண்டு கேப்பினம். இருமல் எண்டா, இருமிக் காட்டு எண்டுவினம்." மூச்சு. "எனக்கு இருமல் வருகுதில்லையே."

குசினிக்குள்ளிருந்து அக்கா சொன்னாள்: "பேப்பர்காரனுக்கு நல்ல செய்தி எண்டா ருசிக்காது."

அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். நான் மேலும் இரண்டு முறை கேட்டேன். பதில் அதேதான். ஊரில் எவரும் இருமலுக்கு டொக்டரிடம் போவார்கள், காய்ச்சலுக்குப் போவார்கள். இருமல் இல்லாமற்போனதற்கு ஒருவரும் போனதில்லை.

மா இறக்குவது மழையால் தாமதமாகிறது என்று எழுதுவதற்காக அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு காலை நான் அந்தக் கப்பலுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கிடங்குகளின் மூடிகளைத் திறந்திருந்தார்கள். மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்த புளித்த மணம். நான் மேல்தட்டில் கம்பியோரமாக நின்று பார்த்தேன். கிடங்கின் வாயில் அத்தான். அவருக்கு நேரே உயரத்தில் வின்ச்சுக்குப் பின்னால் காக்கா.

அத்தானின் கைகள் முன்பைவிட ஒழுங்காக இருந்தன. இருமல் குறுக்கிடவில்லை, கை வாய்க்குப் போகவில்லை. கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின, இறங்கின. அருகில் நின்ற மேற்பார்வையாளர் என்னிடம், "பாத்தீங்களா, இப்ப மனுசன் கல்லுமாதிரி" என்றார். நான் பார்த்தது அவருடைய உதடுகளை. அவை எங்கள் ஒழுங்கைக் கதவுகளின் சாம்பல் நிறத்தில் இருந்தன. தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் காதை நோக்கி ஏறின. சுமை தூக்காமல் ஒரே இடத்தில் நிற்கும் ஒருவருக்கு அப்படி ஏறத் தேவையில்லை.

பிறகு ஒரு கட்டு மேலே வந்து நின்றது. படகுக்கு மேலே தொங்கியது. இறக்கச் சொல்லும் கை வரவில்லை. அத்தான் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது யாருடையதோ என்பதுபோல. உள்ளங்கை பாதி திரும்பியது. மீண்டும் திரும்பியது.

காக்கா வின்ச்சை இறுக்கிவிட்டு இறங்கி வந்தார். சுமை தொங்கும்போது வின்ச் பிடிக்கிறவர் இடத்தை விட்டு எழும்புவதை அதற்கு முன் நான் கண்டதில்லை. மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். காக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, உங்கட கை ரெண்டு கதை சொல்லுது. நான் எதக் கேக்குறது?"

அத்தான் பதில் சொல்ல வாய் திறந்தார். மூச்சு மட்டும் வந்தது. காக்கா அவர் முதுகில் கையை வைத்து, உடனே எடுத்துவிட்டார். "நெருப்பு" என்றார் என்னிடம். "இறக்குங்க இவர."

படகிலிருந்து கரையிலுள்ள ஜெட்டிக்கும், ஜெட்டியிலிருந்து வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். வழி முழுவதும் அவர் ஒருமுறையும் இருமவில்லை. என் தோளில் அவருடைய தலை இருந்தது. நெஞ்சுக்குள் ஈரமான ஏதோ கொதிப்பது எனக்குக் கேட்டது. அது வெளியே வர முயலவேயில்லை.

பெண் டொக்டர், இளையவர், வடபகுதிக்காரி. அக்கா வந்து சேர்வதற்குள் நெஞ்சைத் தட்டிப் பார்த்திருந்தார். இடது கீழ்ப்பக்கத்தில் தட்டினால் சுவரில் தட்டுவதுபோலக் கேட்டது, எனக்கே கேட்டது. எக்ஸ்ரே படம் எடுத்தபோது அந்தப் பகுதி வெள்ளையாக இருந்தது. நியூமோனியா என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வி எங்களை விழிக்க வைத்தது.

"எப்ப இருமல் நிண்டது?"

அக்கா முகம் மலர்ந்து, "அது எப்பவோ நிண்டிட்டுது டொக்டர். கப்பல் மருந்து குடுத்தனாங்கள்" என்றாள்.

டொக்டர் சின்ன டோர்ச்சால் அத்தானின் கண்களைப் பார்த்தார். கண்மணி ஊசித் துளை அளவில் இருந்தது. "கக்கூசுக்குப் போறவரோ?" என்று கேட்டார். அக்கா கூச்சத்தோடு, நாலைந்து நாளாக இல்லை என்றாள். டொக்டர் தலையை ஆட்டினார். போத்தலைக் கொண்டுவரச் சொன்னார். முகர்ந்து பார்த்துவிட்டு மேசையில் தள்ளி வைத்தார்.

"இது அபின் சாதி மருந்து. உங்கட இருமலைச் சுகப்படுத்தேல்லை. நிப்பாட்டிவிட்டது."

"ரெண்டும் ஒண்டுதானே டொக்டர்?" அக்கா உண்மையிலேயே கேட்டாள்.

அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை அன்று மாலையே என் குறிப்பில் எழுதினேன். மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுவதும் நரம்பு முனைகள் இருக்கின்றன. கிருமி பெருகும் இடத்தில் சுவர் புண்ணாகும், சளி தேங்கும். நரம்பு முனைகள் அதை உணர்ந்து, கழுத்தினூடே போகும் பெரிய நரம்பு ஒன்றின் வழியாக மூளையின் அடிப்பகுதிக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து உத்தரவு திரும்பும். தொண்டை மூடும், விலாவும் வயிறும் இறுகும், தொண்டை திடீரெனத் திறக்கும். அதுதான் இருமல். மனிதன் தீர்மானித்துச் செய்வதல்ல. இந்த மருந்து மூளையின் அந்த இடத்தை உறங்க வைக்கிறது. நரம்பு செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். கேட்க ஆளில்லை. "கிருமிக்கு ஒருத்தரும் நித்திரை மருந்து குடுக்கேல்லை" என்றார் டொக்டர். "அது தன்ர வேலையைச் செய்தது."

எனக்கு இதை விளங்கிக்கொள்வது சிரமமாக இருக்கவில்லை. அந்த ஆண்டு நான் கொழும்புக்கு அனுப்பிய செய்திகளில் பல தணிக்கை மேசையோடு நின்றன. பத்திரிகையைப் படித்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், உங்கள் பக்கம் பரவாயில்லை, ஒன்றும் நடக்கவில்லை போல என்று எழுதியிருந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு வேறொன்றையும் படித்தேன். புண்ணும் சளியும் மட்டுமல்ல, சில கிருமிகள் தாங்களே சுரக்கும் பொருளால் நரம்பு முனையை நேரடியாகச் சீண்டுகின்றனவாம். காசநோய்க் கிருமியின் மேலுறையில் உள்ள ஒருவகைக் கொழுப்பு அப்படிச் செய்கிறதாம். இருமினால் கிருமி அடுத்தவரிடம் போகும். அப்படியானால் இருமல் நோயாளியை மட்டும் காப்பதில்லை. அதைத் தூண்டுவது எந்தக் கை என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. அன்றைக்கு எங்களுக்கு இது தெரிந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தச் சத்தம்.

பெனிசிலின் ஊசி தொடங்கினார்கள். ஒட்சிசன் குழாய் வைத்தார்கள். நெஞ்சின் பக்கவாட்டில் தடித்த ஊசி ஏற்றி மோர் போன்ற நீரை இழுத்தார்கள். ஆனால் உள்ளே அடைந்து கிடப்பதை ஊசியால் எடுக்க ஏலாது, அவராகத்தான் வெளியே தள்ள வேண்டும் என்றார் டொக்டர். மருந்தின் பிடி விட வேண்டும். விட்டதும் இருமல் வர வேண்டும். வராவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்துவிட்டு, "வரவேணும்" என்று மட்டும் சொன்னார்.

மாரி காலத்து ஆண்கள் வாட்டில் இருமாதவர் இல்லை. மூதூரிலிருந்து வந்த கிழவர் ஒருவர், கந்தளாய்க் கரும்புத் தோட்டத்துப் பெடியன் ஒருவன், சாளரத்தோரம் ஒரு பொலிஸ்காரர். ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் தொடங்குவார். நடுவில் அத்தானின் கட்டில் மட்டும் அமைதியாக இருந்தது. பார்க்க வருகிறவர்கள் அந்தக் கட்டிலைக் காட்டி, அவருக்குப் பரவாயில்லைப் போல என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

தாதி அவரைச் சரித்துக் கிடத்தி, கையைக் குழித்து முதுகில் தட்டினார். அக்காவுக்கும் அதைப் பழக்கினார். அக்கா தட்டினாள். பின்னேரம் வரை தட்டினாள். பிறகு குனிந்து அவர் காதுக்குள் பேசத் தொடங்கினாள்.

"இருமுங்கோ. ஒருக்கா இருமுங்கோ பாப்பம்."

அத்தான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "நீதானே," மூச்சு, "நிப்பாட்டச் சொன்னாய்."

"இப்ப சொல்லுறன், இருமுங்கோ."

அவர் முயன்றார். தொண்டையில் ஒரு செருமல் மட்டும் வந்தது. தாதி தலையை ஆட்டினார். அன்று ஊரடங்குக்கு முன் நாங்கள் வெளியேற வேண்டியிருந்தது.  வீட்டில் என் அறைப் பலகைச் சுவருக்கு அப்பால் யாரும் இல்லை.

மறுநாள் பார்வை நேரத்தில் நாங்கள் வாட்டுக்குள் நுழையும்போது காக்காவும் வந்திருந்தார், கிண்ணியாத் தயிர்ச் சட்டியோடு. அத்தான் கட்டிலில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. கண்கள் விரிந்தன, கழுத்து நரம்பு புடைத்தது. வயிறு உள்ளே போனது. பிறகு அது வந்தது. உடம்பு முழுவதையும் கட்டிலிலிருந்து தூக்கிப் போட்ட இருமல். ஒன்று, அதன்மேல் இன்னொன்று, நிற்காமல். பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். தாதி எனாமல் கோப்பையைப் பிடித்தார். துருவின் நிறத்தில், கயிறாக, நிறைய. மனிதர் ஒருவர் செத்துக்கொண்டிருப்பது போன்ற சத்தம். வாசலில் நின்ற டொக்டர் அதைக் கேட்டுக்கொண்டு, அவசரப்படாமல் நடந்து வந்தார். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பின்வாங்கிச் சுவரோடு நின்றேன். அந்தச் சத்தத்தை நல்ல செய்தி என்று என் உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை.

அத்தான் பிழைத்தார். இடது நெஞ்சின் அடிப்பகுதி முழுதாக விரியாது, மாரி தோறும் இருமுவார் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அதற்கு என்ன மருந்து என்று அக்கா கேட்டாள். "இருமட்டும். நிண்டாக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார் டொக்டர்.

துறைமுகத்தில் அவருடைய இடத்தை மேற்பார்வையாளர் வைத்திருந்தார். வேண்டாம் என்றவர் காக்கா. வீட்டுக்கு வந்து, கதிரையில் இருக்காமல் வாசலில் நின்றபடியே சொன்னார். "இருமினா இருமுறீங்க எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு நல்லா நிண்டீங்களே தம்பி, அதத்தான் என்னால மறக்க ஏலாது. உங்கட கையப் பாத்து இனி வின்ச் பிடிக்க மாட்டன்." அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரி காக்கா" என்றார். மா பண்டகசாலையின் வாசலில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனார்.

நான் அந்த வீட்டில் மேலும் சில மாரிகள் இருந்தேன். இருமல் ஒவ்வொரு ஐப்பசியிலும் வந்தது. ஒழுங்கைக்கு அது பழகிவிட்டது. அக்காவுக்கு மட்டும் பழகவில்லை. இருமல் சிறிது நேரம் கேட்காவிட்டால், கையில் அகப்பையோடு குசினியிலிருந்து வந்து அறை வாசலில் நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். அவருடைய தோள்களைப் பார்ப்பாள்.

"என்ன பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை."

அவள் போகமாட்டாள் என்று தெரிந்ததும், அத்தான் தொண்டையைச் செருமி, வேண்டுமென்றே ஒருமுறை இருமிக் காட்டுவார். அக்கா திரும்பிக் குசினிக்குப் போவாள். அப்படி நினைத்து இருமுவதை யாரும் எப்போதும் செய்யலாம். நெஞ்சின் அடியில் எது இருக்கிறது, எது இல்லை என்று அது எதுவும் சொல்வதில்லை. எனக்கு அது தெரியும். திரும்பிப் போகும் அக்காவின் நடையைப் பார்த்தால் அவளுக்கும் தெரியும். அடுப்படியிலிருந்து அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.